குடும்ப மையவாடிகள்: வரலாறும் பராமரிப்பும்

தமிழகத்தின் பல முஸ்லிம் கிராமங்களில் ஊர்ப் பொது மையவாடி தவிர, சிறு சிறு அடக்கத்தலங்களும் உண்டு. தோப்பின் மூலையிலோ, பழைய தைக்காவை ஒட்டியோ, குளக்கரை மேட்டிலோ பத்து, இருபது சென்ட் அளவில் அவை இருக்கும். "இது எங்கள் பாட்டனார் வழி மையவாடி" என்று ஒரு குடும்பத்தார் உரிமையோடு சொல்வார்கள்.

அந்தக் குடும்பத்தார் இன்று சென்னையிலும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிதறிக் கிடக்கிறார்கள். பெருநாளைக்கு ஊர் வந்தால், சீமைக்கருவேல முள்ளைத் தாண்டி உள்ளே போக வழியில்லை. எந்தக் கபுர் யாருடையது என்று தெரிந்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகி வருகிறார்கள். பக்கத்து நிலத்து வேலி ஆண்டுக்கு ஓரடி உள்ளே வருகிறது.

அங்கே அடங்கியிருப்பவர்களால் தங்கள் இடத்துக்காகப் பேச முடியாது. அவர்களுக்காகப் பேசக்கூடியவை மூன்று: பத்திரம், பதிவேடு, வருடந்தோறும் அங்கே போய்வரும் பிள்ளைகள். இந்த மூன்றையும் எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

பெயரும் தோற்றமும்

மையவாடி, கபர்ஸ்தான், அடக்கத்தலம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கல்லறையைக் குறிக்கும் 'கோரி' என்ற சொல்லும் தமிழில் பழையது. கபுரைக் குறிக்கும் 'கோர்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து அது வந்தது. மதுரையின் கோரிப்பாளையம் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பள்ளிவாசலைச் சுற்றியே பழைய கபுர்கள் இருக்கின்றன. 1703இல் மறைந்த மகான் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் கீழக்கரையில்தான் அடங்கியிருக்கிறார்கள். உள்நாட்டுக் கிராமங்களின் கதை வேறு. பள்ளிவாசலுக்கு இடம் கொடுத்தவர் தம் நிலத்திலேயே ஒரு பகுதியை அடக்கத்துக்கு ஒதுக்கியிருப்பார். முதலில் அவர் அடங்குவார். பிறகு மனைவி, மக்கள், பேரர்கள் என்று வரிசை நீளும். வேறு சில இடங்கள் மானியமாக வந்தவை. சேதுபதி மன்னர்களும் ஆற்காடு நவாபுகளும் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் நிலமானியம் கொடுத்திருக்கிறார்கள். அப்படி வந்த நிலத்தில், ஊழியம் பார்த்த குடும்பத்தாரின் கபுர்களும் இருக்கும்.

எந்த வழியில் வந்த இடம் என்பதை முதலில் தெரிந்துகொள்வது அவசியம். பின்னால் வரும் சட்டக் கேள்விகள் எல்லாம் அதைப் பொறுத்தவை.

மார்க்கம் காட்டும் வழி

உறவினர்களை அருகருகே அடக்குவதற்கு நபிவழியில் ஆதாரம் உண்டு. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் அடக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு கல்லைத் தாமே தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபுரை அடையாளம் தெரிந்துகொள்ளவும், தம் குடும்பத்தில் மவுத்தாகிறவர்களை அதன் அருகில் அடக்கவுமே அப்படிச் செய்ததாகக் கூறினார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கபுருக்கு அடையாளக் கல் வைப்பது, குடும்பத்தாரைச் சேர்த்து அடக்குவது ஆகிய இரண்டுக்கும் இதுவே அடிப்படை. நம் ஊர்களில் மீஸான் கல் என்று தலைமாட்டில் நடுவது இந்த அடையாளத்துக்காகத்தான்.

அதே நேரத்தில் வரம்பும் உண்டு. கபுரைச் சுண்ணம் பூசுவது, அதன் மேல் உட்காருவது, அதன் மேல் கட்டடம் எழுப்புவது ஆகியவற்றை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) வழியாக வந்துள்ளது. பொது அடக்கத்துக்காக விடப்பட்ட நிலத்தில் கட்டடம் கட்டினால் அதை இடித்துவிட வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவி (ரஹ்) எழுதியுள்ளார்கள். அடுத்து வரும் மையித்துக்கு இடம் நெருக்கடியாகும் என்பது அறிஞர்கள் கூறும் காரணம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், தலைமாட்டில் ஒரு கல் என்று இருந்தால் அடையாளத்துக்குப் போதும்.

குடும்ப மையவாடியா, பொது மையவாடியா?

வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் முதலில் கேட்பது இதைத்தான். சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற சையது முஹம்மது சாலி லெப்பை – முஹம்மது ஹனீபா வழக்கில், உச்ச நீதிமன்றம் 1976இல் சில அளவுகோல்களை வகுத்தது. அவற்றை எளிமையாக இப்படிச் சொல்லலாம்:

• குடும்ப மையவாடி என்றால் அதை ஏற்படுத்தியவர், அவருடைய குடும்பத்தார், வழித்தோன்றல்கள் ஆகியோரின் கபுர்கள் மட்டுமே அங்கே இருக்க வேண்டும்.

• குடும்ப மையவாடியாகவே இருந்தாலும், ஊர் மக்களையும் அடக்க விட்டால் அது தனித்தன்மையை இழந்து பொது மையவாடியாகிவிடும்.

• எழுத்தில் அர்ப்பணிப்பு இல்லாவிட்டாலும், நீண்ட காலமாக ஊர் முஸ்லிம்கள் தடையின்றி அடக்கப்பட்டு வந்தால் அது பொது மையவாடி என்றே கருதப்படும். உரிமையாளர் அனுமதி கொடுத்துத்தான் அடக்கினார்கள் என்பதால் இது மாறாது.

• வருவாய்த்துறை ஆவணங்களிலோ வரலாற்று ஆவணங்களிலோ பொது மையவாடி என்று பதிவாகியிருந்தால் அதுவே முடிவான சான்று.

• பொது மையவாடி என்று ஆகிவிட்டால் அது வக்ஃப். பின்னாளில் அடக்கம் நின்றுபோனாலும் அந்தத் தன்மை போகாது.

இதில் இரு பக்கமும் பாடம் இருக்கிறது. "ஐம்பது வருடமாக இங்கே யாரையும் அடக்கவில்லை, அதனால் இது வெறும் நிலம்" என்று சொல்லிப் பொது மையவாடியை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் குடும்பத்தின் தனிப் பட்டாவில் மட்டும் இருக்கும் இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. வக்ஃப் செய்யப்படாத சொந்த நிலம், உரியவர் மவுத்தானதும் வாரிசுகளுக்குப் பிரிந்து போகும். மூன்றாம் தலைமுறையில் நாற்பது பங்குதாரர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தாலும், வாங்குகிறவர் வேலி போட வந்து நிற்பார். குடும்பத் தகராறு நம் முன்னோரின் கபுர் மேலேயே நடக்கும்.

எனவே உங்கள் மையவாடி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே பேசி, எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆவணங்களை எங்கே தேடுவது?

முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். எண் தெரிந்தால் தமிழக அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் பட்டா விவரம், 'அ' பதிவேட்டுப் பகுதி, எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடம் ஆகியவற்றைப் பார்க்கலாம். 'அ' பதிவேட்டில் அந்த நிலம் புறம்போக்கா, பட்டா நிலமா, குறிப்புக் கலத்தில் மையவாடி, மயானம் என்ற சொல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து, பழைய பதிவுகளோடு ஒப்பிடுங்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவின்போது பெயர் மாறியும் வகைப்பாடு மாறியும் போன நிலங்கள் தமிழகமெங்கும் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் மையவாடி என்று இருந்து, இப்போதைய பதிவில் வேறு பெயர் இருந்தால் அது உங்களுக்கு வலுவான ஆதாரம். மானிய நிலமாக இருந்தால், 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் விசாரணைப் பதிவேடுகளில் மானியம் எதற்காக, யாருக்கு விடப்பட்டது என்ற குறிப்பு கிடைக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால், இடையில் ஏதாவது கிரயம், அடமானம் நடந்ததா என்று தெரியும்.

கடைசியாக வக்ஃப் பதிவு. 1954ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தின் கீழும், பின்னர் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் சர்வே நடந்து வக்ஃபுகள் அரசிதழில் வெளியாகியுள்ளன. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பதிவில் இந்த மையவாடியின் சர்வே எண்ணும் பரப்பும் சேர்க்கப்பட்டுள்ளதா என்று வக்ஃப் வாரியத்தின் சரக அலுவலகத்தில் கேட்டறியலாம். பள்ளிவாசல் பதிவாகியிருப்பதால் மையவாடியும் பதிவாகியிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

2025 திருத்தத்துக்குப் பிறகு

வக்ஃப் திருத்தச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மையவாடிகளைப் பொறுத்தவரை அதில் நான்கு செய்திகள் முக்கியமானவை.

ஒன்று, நீண்ட காலப் பயன்பாட்டால் உருவான வக்ஃப் என்ற வகை இனி புதிதாக ஏற்படாது. சட்டம் வருவதற்கு முன்பே அப்படிப் பதிவானவை தொடரும். தகராறில் உள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் இதில் சேரா. நம் கிராமத்து மையவாடிகளில் பெரும்பாலானவை பத்திரம் இல்லாமல் பயன்பாட்டால் உருவானவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு, எழுத்துப்பூர்வமான வக்ஃப் பத்திரம் இல்லாமல் இனி புதிய வக்ஃப் உருவாக்க முடியாது. "வாப்பா வாயால் சொல்லிவிட்டுப் போனார்" என்பது சட்டத்தின் முன் நிற்காது.

மூன்று, வக்ஃப் சொத்துகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்றிருந்த 107ஆம் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. ஆக்கிரமிப்பைக் கண்டும் 12 ஆண்டுகள் சும்மா இருந்தால், எதிர்த்தரப்பு எதிரிடை அனுபவ உரிமை பேச வழி திறந்திருக்கிறது. இப்போது தாமதத்தின் விலை அதிகம்.

நான்கு, பதிவான வக்ஃபுகளின் விவரங்களை 2025 ஜூன் 6இல் தொடங்கப்பட்ட 'உமீத்' தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. தவறியவர்கள் தக்க காரணம் காட்டித் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் மையவாடி ஏற்றப்பட்டதா என்று முத்தவல்லியிடம் கேளுங்கள். ஏற்றிய விவரத்தின் நகலையும் வாங்கி வையுங்கள்.

இந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. எனவே பத்திரம் எழுதும் முன்பும் வழக்குத் தொடுக்கும் முன்பும் வக்ஃப் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இவை தவிர, அடக்கத்தலத்தில் அத்துமீறி நுழைந்து இறந்தவர்களை அவமதிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கபுரை இடித்தாலோ மண்ணை அள்ளினாலோ காவல்துறையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள்.

வரைபடமும் பதிவேடும்

இனி, நம் கையிலேயே உள்ள வேலை. இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு அளவு நாடா, ஒரு பெரிய கட்டம் போட்ட தாள், இரண்டு மூன்று இளைஞர்கள், ஊர் நினைவுள்ள ஒரு பெரியவர் போதும்.

நான்கு எல்லைக் கற்களையும் கண்டுபிடித்து, புல வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். கல் காணாமல் போயிருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நில அளவையர் மூலம் அளந்து கல் நடலாம். பிறகு ஒரு மூலையை அடையாளமாக வைத்து, பத்து அடிக்கு ஒரு முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். நம் நாட்டில் கிப்லா மேற்கே இருப்பதால் கபுர்கள் வடக்கு தெற்காக, தலைமாடு வடக்கில் இருக்கும். அதனால் வரிசைகளை எளிதாகப் பிரித்து எண் கொடுக்கலாம்.

பதிவேட்டில் ஒவ்வொரு கபுருக்கும் இவை இருக்க வேண்டும்: வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், மவுத்தான தேதி ஆங்கில ஆண்டிலும் ஹிஜ்ரியிலும், அருகில் உள்ள கபுர்கள், இந்த விவரத்தைச் சொன்னவர் யார். தெரியாத கபுருக்கும் ஓர் எண் கொடுத்து, 'பெயர் தெரியவில்லை' என்று எழுதுங்கள். ஊகித்துப் பெயர் எழுத வேண்டாம்.

இந்த விவரங்களுக்கு வீட்டுப் பெண்களிடம் கேட்க மறக்காதீர்கள். எந்தப் பிள்ளை எந்த நோன்பில் மவுத்தானது, யார் பக்கத்தில் யாரை வைத்தார்கள் என்பதெல்லாம் நன்னிமாருக்கும் உம்மும்மாமாருக்கும்தான் நினைவிருக்கும். பெயரில்லாமல் போவதில் பெரும்பகுதி குழந்தைகளின் கபுர்களே.

புதிதாக நடக்கும் அடக்கங்களை அன்றே பதியுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் அரசு அலுவலகத்தில் பதிவு செய்து, சான்றிதழின் நகலைப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். பதிவேட்டின் ஒரு படி பள்ளிவாசலிலும், ஒரு படி குடும்பப் பெரியவர் வீட்டிலும், ஒன்று கணினியிலும் இருக்கட்டும். நாளை வாரிசுரிமை வழக்கிலும் நில வழக்கிலும் இந்த நோட்டுப் புத்தகம் சாட்சி சொல்லும்.

கல்லில் இருக்கும் எழுத்து

பழைய மீஸான் கற்களில் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் அரபியில் பொறிக்கப்பட்டிருக்கலாம். அவற்றை ஆசிட், கம்பிப் பிரஷ், உளி கொண்டு சுத்தம் செய்யாதீர்கள். எழுத்தின் மேல் பெயிண்டும் அடிக்காதீர்கள். சுத்தமான தண்ணீரும் மென்மையான நார்ப் பிரஷும் போதும். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது புகைப்படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

ஹிஜ்ரி ஆண்டை ஏறக்குறைய மாற்ற ஒரு கணக்கு: ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். ஹிஜ்ரி 1320 என்று கல்லில் இருந்தால் 1902ஆம் ஆண்டு வாக்கில் அடக்கம் நடந்திருக்கும்.

முள், புல், மழை

சீமைக்கருவேலத்தை மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கே மறுபடி துளிர்த்துவிடும். அடிக்கட்டையை மண்ணுக்குக் கீழே வேர்முடிச்சோடு எடுக்க வேண்டும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது ஆட்களை வைத்துக் கையால் எடுப்பதே சரி. கபுர்கள் உள்ள பகுதிக்குள் ஜே.சி.பி. இயந்திரத்தை இறக்கக் கூடாது. அடையாளம் இல்லாத கபுர்கள் அதில் நொறுங்கிவிடும். முள்ளை உள்ளேயே போட்டுத் தீ வைப்பதையும் தவிர்த்து, வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்துங்கள்.

கபுர் மேலுள்ள பசும்புல்லை வீணாகப் பிடுங்குவது மக்ரூஹ், காய்ந்ததை அகற்றலாம் என்பது ஹனஃபி நூல்களின் நிலை. ஆகவே மொத்தமாகக் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்க வேண்டியதில்லை. நடைபாதையையும் முள்ளையும் மட்டும் சரிசெய்தால் போதும். வேம்பு, பூவரசு போன்ற மரங்கள் எல்லை ஓரத்தில் நிற்கலாம். வக்ஃப் மையவாடியின் மரம் ஏலம் போனால் அந்தப் பணம் மையவாடிக்கே சேர வேண்டும்.

டெல்டா பகுதியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழியில் நீர் ஊறும். மேடான ஒரு பகுதியை மழைக்கால அடக்கத்துக்கென ஒதுக்கி வைப்பது நல்லது. மண் அடித்து மேடாக்கும்போது, முதலில் வரைபடம் எடுத்து, கற்களை அதே இடத்தில் உயர்த்தி நட்ட பிறகே மண் கொட்டுங்கள்.

சுற்றுச்சுவர் எழுப்ப வசதி இல்லையென்றால் கல்தூண் நட்டுக் கம்பிவேலி போடலாம். கபர்ஸ்தான் சுற்றுச்சுவருக்கு அரசு நிதி பெறுவது பற்றி மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அதற்கும் நில ஆவணம் சரியாக இருப்பது அவசியம்.

புதிய அடக்கமும் இட நெருக்கடியும்

கிராம ஊராட்சிப் பகுதிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவான அடக்கத்தலம் அல்லாத இடத்தில் புதிதாக அடக்கம் செய்ய ஊராட்சியின் உரிமம் வேண்டும். குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் விதி உண்டு. "எங்கள் நிலம்தானே" என்று தோப்பில் திடீரென அடக்கினால், மையித்தைத் தோண்டி எடுக்கச் சொல்லும் வழக்கு வரை போகக்கூடும்.

இடம் நிரம்பிவிட்டால், பழைய கபுரில் மையித்து முழுவதும் மண்ணாகிவிட்டது என்று அனுபவமுள்ளவர்கள் உறுதியாகச் சொன்ன பிறகே அதில் அடக்கலாம் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. குழி வெட்டும்போது எலும்பு தென்பட்டால் அதை உடைக்காமல் கண்ணியமாக மூட வேண்டும். இறந்தவரின் எலும்பை உடைப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை உடைப்பது போன்றது என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உண்டு. பழைய பகுதியிலிருந்து வரிசையாக, பதிவேட்டைப் பார்த்துத் திரும்ப வந்தால் இந்தச் சிக்கல் குறையும். இங்கும் பதிவேடுதான் கைகொடுக்கிறது.

யார் பொறுப்பு, யார் செலவு?

'எல்லோருக்கும் சொந்தம்' என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஊரில் இருப்பவர் ஒருவர், வெளியூரில் இருப்பவர் ஒருவர், ஜமாஅத் சார்பில் ஒருவர் என்று மூன்று பேரை எழுத்துப்பூர்வமாக நியமியுங்கள். ஒவ்வொரு கிளைக் குடும்பமும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்துக்கொண்டு, கணக்கை வருடம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புங்கள். குழி வெட்டுபவருக்கு உரிய கூலியை அன்றே கொடுத்துவிட வேண்டும். நள்ளிரவிலும் மழையிலும் நமக்காக வருகிறவர் அவர்.

சபுராளிகளாக இருப்பவர்கள் ஊர் வரும்போது, பிள்ளைகளையும் ஜியாரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கபுர்களைச் சந்திப்பது மவுத்தை நினைவூட்டும் என்பது நபிமொழி. அந்தப் பிள்ளைகள் எல்லைக் கல் எங்கே, பாட்டனார் கபுர் எங்கே என்று ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்திருந்தால், நாளை அந்த இடத்துக்கு ஆபத்து வரும்போது வந்து நிற்பார்கள்.

இந்த விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் ஒரு வேலையை மட்டுமாவது முடித்து வாருங்கள்: சர்வே எண்ணை எடுத்து, 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மற்றவற்றை அங்கிருந்து தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ். நமக்கு முன்னால் சென்றவர்களின் கபுர்களை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.